நாலு பெயர் கொண்ட ஒரு கீல்

நாலு அங்குல இரும்புக் கீலுக்கு எங்கள் கடைக் கணினியில் நாலு பெயர் இருந்தது. ‘கீல் 4’, ‘4 இஞ்ச் கீல்’, ‘ஹிஞ்சஸ் 4’, ‘பட் ஹிஞ்சஸ் நாலு’. கதவில் மாட்டுகிற அதே கீல்தான். சரக்கு வந்த பில்லைப் பார்த்து ஒருவர் ஒரு பெயரில் வரவு வைப்பார். விற்பனைச் சிட்டையைப் பார்த்து இன்னொருவர் வேறொரு பெயரில் கழிப்பார். வருஷக் கடைசியில் ஒரு பெயரில் 3,000 கீல் இருப்பு காட்டும், மற்றொன்றில் மைனஸ் 2,400 என்று நிற்கும். கையில் இல்லாத பொருளை எப்படி விற்றோம் என்று ஆடிட்டர் ஆபீஸ் பையன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

மதுரையில் மாசி வீதி ஒன்றில் இருந்த ஹார்டுவேர் மொத்தக் கடையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதினேன். 1987இல் பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு, நாள்வழி, கிட்டங்கியிலிருந்து வரும் சிட்டைகளைக் குத்தி வைக்க ஒரு கம்பி, இவ்வளவுதான் என் ஆபீஸ். 2022இல் நான் விடைபெற்றபோது பேரேடு பரணில் இருந்தது. தகவல் தொழில்நுட்பம் வியாபாரத்தை வளர்க்குமா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் அந்தக் கீலில்தான் தொடங்குகிறது.

கணினி 1998இல் வந்தது. பெரிய முதலாளிக்கு அதில் நம்பிக்கை இல்லை. கல்லூரி முடித்து வந்த மகன் பிடிவாதமாக வாங்கினார். கறுப்புத் திரை, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டாலி மென்பொருள். அந்த டாலியின் கதையைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன், தெரிந்தபோது எனக்கு அதன்மேல் பிரியம் கூடிவிட்டது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகமும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் அந்த நிறுவனம் பிறந்தது. அதற்கு முன்பிருந்த மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும், அந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டும். டாலியில் பெயரை அடித்தால் போதும். கணக்குப்பிள்ளைகள் பேசுகிற மாதிரியே அது கேட்டுக்கொண்டது. பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் வீட்டு விசேஷம் போலச் சந்தோஷப்பட்டேன். ஆனால் பெயரை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம் என்ற அந்தச் சுதந்திரம்தான் எங்கள் கீலுக்கு நாலு பெயரையும் வாங்கிக் கொடுத்தது.

முதல் மூன்று வருஷம் கணினியால் எங்களுக்கு ஒரு ரூபாய் லாபம் கூடவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரியவர் பேரேட்டை விடச் சம்மதிக்கவில்லை. பகலில் பேரேட்டில் எழுதுவேன், சாயங்காலம் அதையே கணினியில் ஏற்றுவேன். எனக்குத் துணையாக ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். மின்சாரம், ரிப்பன், பேப்பர், மென்பொருள் செலவு எல்லாம் சேர்த்தால் கணினி வந்த பிறகு செலவு கூடியிருந்தது. கிடைத்த பலன் அழகாக அச்சடித்த பில் மட்டும்தான்.

இது எங்கள் கடைக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1987இல் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் சோலோ இந்தச் சிக்கலைத்தான் சுட்டினார்: எங்கு திரும்பினாலும் கணினி தெரிகிறது, உற்பத்தித்திறனின் கணக்கில் மட்டும் அதைக் காணோம் என்று. அதே வருஷம் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்று ஆசிரியர் 1990இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். அதைப் படித்தபோது எங்கள் கடையை அவர் வந்து பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது.

அவர் எடுத்துக்கொண்டது மின்சாரத்தை. எடிசன் நியூயார்க் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியது 1882இல். 1900 வாக்கிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர சக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. பாதியைத் தொட 1920 ஆகிவிட்டது. ஏன் அவ்வளவு காலம்? பழைய ஆலையில் ஒரே ஒரு பெரிய நீராவி இயந்திரம் இருக்கும். அதிலிருந்து கூரையை ஒட்டி நீண்ட தண்டு ஓடும். அந்தத் தண்டிலிருந்து தோல்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் சுற்றும். தண்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஆலையையே மாடி மாடியாகக் கட்டியிருந்தார்கள். மின்சாரம் வந்ததும் முதலாளிகள் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பட்டையும் மாடியும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்து, வேலை நகரும் வரிசைக்கு ஏற்றபடி ஆலையை ஒரே தளத்தில் புதிதாகக் கட்டிய பிறகுதான் உற்பத்தி எகிறியது. எங்கள் கடையில் பேரேடுதான் அந்தத் தண்டு. அதை எடுக்காமல் கணினியை அதன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம்.

2002இல் பெரியவருக்கு உடம்பு முடியாமல் போய், அவர் மகன் சின்னவர் கைக்குக் கடை வந்தது. அவர் முதலில் கேட்டது, “அக்கா, இந்த மைனஸ் இருப்பு எப்ப சரியாகும்?” என்றுதான். சரியாக வேண்டுமானால் கடையில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயர் தெரிந்த மனிதர் கிட்டங்கியில் இருந்தார். நாற்பது வருஷ அனுபவம். எட்டாவது வரை படித்தவர். எந்தப் பெட்டி எந்த அலமாரியில், எந்தச் சாக்குக்குப் பின்னால் இருக்கிறது என்று விளக்கில்லாமல் எடுத்துவிடுவார். கணினி வந்த நாளிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. தன் இடத்தைப் பிடுங்க வந்த பெட்டி அது என்று நினைத்தார். நான் போய்க் கேட்டபோது, “மிஷினுக்குத் தெரியாதா தாயி, எங்கிட்ட வந்து கேக்குற?” என்றார். தெரியாது அண்ணே என்றேன். உண்மையும் அதுதான்.

மூன்று மாதம், தினமும் கடை அடைத்த பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். அவர் பெட்டியை எடுத்துக் காட்டுவார், அளவு சொல்வார், எந்த ஊர் சரக்கு என்பார். நான் பெயர் எழுதுவேன். எது கீல், எது பட்டைக்கீல், தாழ்ப்பாளில் எது கோபுரம், எது குட்டை, எல்லாம் அவர் வாயால் வந்ததுதான். கடைசியில் 4,000 பொருள்களுக்குச் சற்று மேல் வந்தது. கணினியில் அதற்கு முன் 7,000க்கு மேல் பெயர்கள் கிடந்தன. இந்த வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. மென்பொருள் விற்க வருகிறவர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆனால் தகவல் தொழில்நுட்பம் என்று எதைச் சொல்கிறோமோ அதில் ‘தகவல்’ என்ற பாதி முழுவதும் அந்த மூன்று மாதத்தில்தான் இருந்தது.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 1999இல் 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதிய கணினி முறையைக் கொண்டுவந்தது. அந்த வருஷ ஹாலோவீன் சமயத்தில், அவர்களுக்குத் தீபாவளி போன்ற சீசனில், சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அதனால் நிறைவேற்ற முடியவில்லை. சரக்கு கிட்டங்கியில் இருந்தது. அனுப்பத்தான் முடியவில்லை. அந்தச் செய்தியைப் பின்னால் படித்தபோது எனக்கு எங்கள் கிட்டங்கி அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது.

பெயர்கள் சரியான பிறகு ஒரு சனிக்கிழமை சின்னவர் கேட்டார்: “ஒரு வருஷமா ஒண்ணுகூட விக்காத சரக்கு எதெதுன்னு எடுக்க முடியுமாக்கா?” பேரேடு காலத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதே கிடையாது. கேட்டாலும் பதில் சொல்ல ஒரு மாதம் பிடிக்கும். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குள் பிரிண்டர் கத்திக் கத்திப் பதினேழு பக்கம் கொடுத்துவிட்டது. கடையில் இருந்த பொருள்களில் கால்வாசிக்கும் மேல் அந்தப் பட்டியலில் இருந்தன. அடக்க விலையில் கூட்டிப் பார்த்தால் 7 லட்சம்.

அவர் நம்பவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். அலிகரிலிருந்து ‘பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம்’ என்ற திட்டத்தில் வாங்கிய பித்தளைத் தாழ்ப்பாள்கள் சணல் கட்டு அவிழ்க்காமல் இருந்தன. அந்த ஒரு பெட்டி இலவசத்துக்காகப் பெரியவர் எவ்வளவு பெருமைப்பட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்றைக்கு ஓவர்டிராஃப்ட், வெளிக்கடன் எல்லாம் சேர்த்து எங்களுக்கு வட்டி 18 சதவீதம் விழுந்துகொண்டிருந்தது. 7 லட்சத்துக்கு வருஷம் 1,26,000 ரூபாய். நாளொன்றுக்கு 345 ரூபாய். அப்போது என் ஒருநாள் சம்பளம் அதில் பாதிகூட இல்லை.

மீன்காரர் கூடையில் மிச்சம் இருந்தால் சாயங்காலமே ஊருக்குத் தெரியும். இரும்புக் கடையில் அந்த வாசனை வராது. அதனால்தான் எங்களைப் போன்ற வியாபாரங்களில் நஷ்டம் இருபது வருஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மீன் என்றதும் கேரளக் கடற்கரையில் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தகவல் வியாபாரத்தில் என்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாக அளந்து காட்டிய இன்னொன்றை நான் பார்த்ததில்லை. 1997 ஜனவரி 14. வடகரைக் கடற்கரையில் பதினோரு மீனவர்கள் மத்தி மீனைப் பிடித்துக்கொண்டு வந்து, வாங்க ஆளில்லாமல் அப்படியே கொட்டினார்கள். அதே காலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் இருபத்தேழு பேர் பணத்தோடு வந்து, மீன் போதாமல் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. மீனோ நேரம் போகப் போகக் கெட்டுவிடும். எரிபொருளைச் செலவழித்து ஒவ்வொரு கரையாகப் போய்ப் பார்க்க முடியாது.

அந்த வருஷம் தொடங்கிக் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு என்று ஒவ்வொரு பகுதியாக செல்போன் வந்தது. கோபுரங்கள் கரையோரமாக இருந்ததால் கடலுக்குள் இருபது கிலோமீட்டருக்கு மேலும் சிக்னல் கிடைத்தது. வரும் அழைப்புக்கும் காசு பிடித்த காலம். இருந்தும் படகுக்காரர்கள் வாங்கினார்கள். கடலில் இருந்தபடியே இரண்டு மூன்று கரைகளுக்குப் பேசி, விலை எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் பதினைந்து கரைகளில், முந்நூறு மீன்பிடிக் குழுக்களிடம், 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் விவரம் சேகரித்து 2007இல் வெளியிட்டார். முன்பு பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வீணாகிக்கொண்டிருந்தது; போன் வந்த பிறகு அது அடியோடு நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

கடைசி இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். விற்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது. யார் வாயிலிருந்தும் பிடுங்கவில்லை. கொட்டிப்போன மீன்தான் அந்த லாபம். எங்கள் கடையில் கட்டவிழ்க்காத தாழ்ப்பாள் பெட்டிகள் அந்த மீன்.

சின்னவர் திட்டத்துக்கு வாங்குவதை நிறுத்தினார். தேங்கியதை வந்த விலைக்குத் தள்ளினார். வாரத்துக்கு எது எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, சின்னச் சின்னதாக அடிக்கடி வரவழைத்தார். ஒரு வருஷத்தில் வாடகைக் கிட்டங்கி இரண்டில் ஒன்றைக் காலி செய்தோம். கணினிக்குப் போட்ட காசு திரும்பி வந்தது அந்த வாடகையிலும் வட்டியிலும்தான். பில் அச்சடித்ததில் வரவில்லை.

அடுத்து கடன் பாக்கியைப் பார்த்தோம். அது சரக்கைப் பார்த்த மாதிரி சுலபமாக இல்லை. முப்பது நாளில் தருகிறவர், அறுபது, தொண்ணூறு, அதற்கும் மேல் என்று டாலி பிரித்துக் காட்டியது. பட்டியலின் உச்சியில் எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் இருந்தார். பக்கத்து ஊர்க் கடைக்காரர். அவர் வந்தால் பெரியவர் எழுந்து நிற்பார், காபி வாங்கி வரச் சொல்வார். மொத்தமாக எடுக்கிறார் என்று அவருக்கு 3 சதவீத லாபத்தில்தான் கொடுப்போம். அவர் பணம் தருவது சராசரியாக 140 நாளில். ஒரு லட்சத்துக்குச் சரக்கு எடுத்தால் எங்களுக்கு லாபம் 3,000. எங்கள் பணம் 97,000 ரூபாய் 140 நாள் அவரிடம் இருப்பதற்கு எங்கள் வட்டி சுமார் 6,700. ஒவ்வொரு லட்சத்துக்கும் 3,700 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

படுக்கையில் இருந்த பெரியவரிடம் அந்தத் தாளைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். “அவரு அப்பா காலத்துப் பழக்கம்யா. கடை தீப்பிடிச்சப்ப மொதல்ல வந்து நின்னவரு” என்றார். அந்தத் தீவிபத்து நான் சேருவதற்கு முன்னால் நடந்தது. கணினியில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. சின்னவர் அறுபது நாள் தவணை என்று எழுதி அனுப்பினார். அந்தக் கடைக்காரர் பாக்கியைச் சுத்தமாகக் கட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவே இல்லை. கணக்குப்படி அது சரியான முடிவு. இருபது வருஷம் கழித்தும் எனக்கு அதில் மனசு ஆறவில்லை. அவரிடம் நேரில் போய்ப் பேசியிருக்கலாம்.

கேரள மீனவர் கதைக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. ஜானகி சீனிவாசனும் ஜெனா பரெல்லும் பின்னாளில் அந்தக் கரைகளில் கள ஆய்வு செய்து 2013இல் எழுதினார்கள். படகுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கியவர், பணம் கொடுத்த தரகர் மூலமாகவே மீனை விற்க வேண்டியிருக்கிறது. போனில் வேறு கரையின் விலை தெரிந்தாலும் எல்லோராலும் படகைத் திருப்ப முடிவதில்லை. தகவல் கையில் இருப்பது ஒன்று, அதன்படி நடக்கிற கை கட்டில்லாமல் இருப்பது இன்னொன்று. கடனில் வாங்கிக் கடனில் விற்கிற எந்த வியாபாரிக்கும் இது புரியும்.

2010 வாக்கில் எங்கள் வீதியில் கணினி இல்லாத மொத்தக் கடையே இல்லை. எல்லோரிடமும் அதே டாலி, அதே அறிக்கை. எங்களுக்குக் கிடைத்திருந்த முந்திய ஓட்டம் நின்றது. நிக்கலஸ் கார் என்பவர் 2003இலேயே ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இதை எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பியிருக்கிறார்: எல்லோருக்கும் கிடைக்கிற தொழில்நுட்பம் மின்சாரம் மாதிரி, அது இல்லாவிட்டால் அடிபடுவோம், இருப்பதனால் மட்டும் ஜெயித்துவிட மாட்டோம் என்பது அவர் வாதம். என் அனுபவத்தில் அதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியை அவர் எங்கள் கிட்டங்கி அண்ணனைப் பார்த்திருந்தால் சேர்த்திருப்பார். பக்கத்துக் கடையிலும் டாலி இருந்தது, அவர்கள் கீலுக்கு அப்போதும் நாலு பெயர்தான்.

கணக்கைச் சுத்தமாக வைத்திருந்ததன் அருமை 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது தெரிந்தது. விற்றவர் தன் பில்லை அரசுத் தளத்தில் ஏற்றினால்தான் வாங்கியவருக்கு அவர் கட்டிய வரி வரவாகும் என்ற நிலை படிப்படியாக இறுகியது. 2020 ஆகஸ்டில் ஜிஎஸ்டிஆர் 2பி என்ற மாதாந்தர அறிக்கை வந்தது; 2022 ஜனவரி முதல் சட்டத்திலேயே அப்படி எழுதிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்குக் கீல் வாங்கினால் வரி 18,000. விற்றவர் பில்லை ஏற்றவில்லை என்றால் அந்த 18,000 நம் தலையில். விலை நூறு ரூபாய் குறைவு என்பதற்காகக் கணக்கு சரியில்லாதவரிடம் வாங்க இனி யாருக்கும் துணிச்சல் வராது. எங்கள் பில்கள் பதினோராம் தேதிக்குள் தளத்தில் இருக்கும் என்ற பேர் பரவி, அதற்காகவே எங்களிடம் வந்த கடைகள் உண்டு. முப்பது வருஷம் கடைக்குள்ளேயே இருந்த என் வேலை முதல்முறையாக வாசலில் போய் வாடிக்கையாளரைக் கூட்டி வந்தது.

கடைசி வருஷங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி வேறு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பிளம்பர், உடைந்த குழாய் இணைப்பைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதற்கு என்ன பெயர் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அண்ணனிடம் போனை நீட்டுவேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு நொடி பார்ப்பார், பெயரைச் சொல்வார். பெயர் கிடைத்ததும் இருப்பும் விலையும் எனக்குத் திரையில் வந்துவிடும். ஜிபேயில் பணம் விழும், மத்தியான பஸ்ஸில் பார்சல் போகும். முன்பெல்லாம் இதற்கு அந்த மனிதர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு வர வேண்டும்.

இப்போது எங்கள் தெருமுனையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பெண் ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கியிருக்கிறாள். வாங்கி எட்டு மாதம் ஆகிறது, பில் அடிக்க மட்டும்தான் வைத்திருந்தாள். சாயங்காலம் நான் போய் உட்காருகிறேன். அவள் மாமியார் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். நேற்று வரை 212 பொருளுக்குப் பெயர் வைத்தாயிற்று. குண்டான், தேக்சா, அன்னக்கூடை மூன்றும் மூன்று பொருளா, ஒன்றா என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அது முடிந்த பிறகுதான் அலமாரியின் மேல்தட்டுக்குப் போக முடியும்.